பன்னிரண்டு கருவிகளுக்கு நான் செய்த ஆயுத பூஜை

மருமகளே,

நான்கு நாட்களுக்கு முன் எதிர்வீட்டு பென்ஷன்காரர் ஆயுத பூஜைக்காகத் தன் காரை அலங்கரித்துக்கொண்டிருந்தார். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி முடித்துவிட்டார். கடைசியாக வெள்ளி நிறத்தில் ஒரு ஜிகினா மாலை. அதன் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "ஸ்வல்ப ஹிடிகொள்ளி சார்" என்று கன்னடத்தில் உதவி கேட்டார். பிடித்துக்கொள்ளத்தான் கையை நீட்டினேன். அந்தச் சரசரப்பு விரலில் பட்டதும் கை தானாக விட்டுவிட்டது. மாலை புழுதியில் விழுந்தது.

வழக்கமான நானாக இருந்திருந்தால், "உங்கள் காரின் ஒளியில் கண் கூசிவிட்டது சார், மைசூர் அரண்மனைக்கு விளக்குப் போடுகிறவர்கள் பார்த்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே போய்விடுவார்கள்" என்று ஒரு போடு போட்டிருப்பேன். அன்று மன்னிக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிறவியில் நான் சுற்றி வளைக்காமல் சொல்லும் முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும். ஹனூரில் மஞ்சள் விளையும் காடுகளில் நீ நட்ட பன்னிரண்டு கருவிகளும் செத்துப்போனது உன் கணக்குத் தப்பினால் அல்ல. என்னால். நீ உயிரோடு இருந்தபோதே இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ போய் இது இரண்டாவது தசரா.

உன் தாய்மாமன் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். டயர்த் தொழிற்சாலை ஸ்டோரில் போல்ட், நட்டு எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் வாயால் கேட்டால், நான் ஒரு நாள் லீவு போட்டதற்கு இந்தியாவில் டயர் உருளவில்லை. நீ குழந்தையாக இருந்தபோது சாமுண்டி மலையை ராவோடு ராவாக நான்தான் தள்ளி வைத்தேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏழு வயது வரை நம்பினாய். எட்டாவது வயதில், "எந்தப் பக்கத்துல இருந்து தள்ளினீங்க மாமா? அங்க பள்ளம் இருக்கணுமே?" என்று கேட்டாய். அன்றைக்கே எனக்குத் தெரியும், இவள் இன்ஜினியர் ஆகாமல் அடங்கமாட்டாள் என்று.

ஆனாய். நல்ல கம்பெனியில் நல்ல வேலை. அதை விட்டுவிட்டு வந்து, மைசூர் விஜயநகரில் நம் வீட்டின் முன்னறையில் உன் அம்மாவின் தையல் மிஷினை ஓரம் தள்ளி மேஜை போட்டாய். சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி. கீழே மண்ணுக்குள் இறங்க இரண்டு முள். மேலே விரல் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா. மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளந்து, கிலோமீட்டர் கணக்கில் தள்ளியிருக்கும் ரிசீவருக்கு ரேடியோவில் சொல்லும். கரன்ட் வேண்டாம், சிம் கார்டு வேண்டாம். உள்ளே ஒரே ஒரு பேட்டரி. அது ஐந்து வருஷம் வரும் என்றாய்.

நான் விடுவேனா?

"ஏனம்மிணி, என்ற டார்ச் லைட்டு பேட்டரி அஞ்சு வாரம் வரமாட்டேங்குது. உன்ற பேட்டரிக்கு மட்டும் என்ன, சஞ்சீவி மூலிகை அரைச்சு ஊத்தறியா?"

"அது எந்நேரமும் முழிச்சிட்டு இருக்காது மாமா. தூங்கும். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா முழிக்கும், ஈரத்தைப் பார்க்கும், கண்ணு சிமிட்டற நேரத்துல ஒரு வார்த்தை சொல்லும், மறுபடியும் தூங்கிடும். தூங்கறப்போ ஒண்ணுமே தின்னாதுன்னு வெச்சுக்கோங்க. பேசறதுதான் செலவு. எவ்வளவு கம்மியா பேசுதோ அவ்வளவு நாள் உசிரோட இருக்கும்."

"அப்படிப் பார்த்தா நான் பொறந்த அன்னைக்குச் சாயங்காலமே செத்திருக்கணுமே!"

நீ தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாய். கையிலிருந்த சால்டரிங் கம்பி மேஜையைச் சுட்டுவிட்டது. "சும்னிருங்க மாமா" என்று அதட்டினாய். அந்தக் கரும்புள்ளி இன்னும் மேஜையில் இருக்கிறது.

நம் சொந்த ஊரான ஹனூரில், விவசாயிகள் சங்கத்தில் பேசி இடம் பிடித்தது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பேசியது நீ. நான் கூட வந்தேன். சங்கத் தலைவர் மாதையன் நமக்குத் தூரத்து உறவு, மஞ்சள் விவசாயி, வெற்றிலையை மென்று முடிக்காமல் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். அவர் மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "இப்பத்தான் மஞ்ச நட்டிருக்குதுங்க. வெட்டற வரைக்கும் பன்னெண்டு காட்டுல பன்னெண்டு வையுங்க. ஒரு பேட்டரிகூட மாத்தக் கூடாது. அப்படி ஓடிப்போச்சுன்னா சங்கத்துல இருக்கற அத்தனை காட்டுக்கும் உங்குளுதுதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய், "ஹனூர்ப் பொண்ணு செஞ்சதுன்னு பேரு வரணும் மாமா. அவ்வளவுதான் எனக்கு." அவ்வளவுதான் என்று நீ சொன்னாலும், வேலையை விட்டதும், வந்த வரன்களைத் தள்ளிப் போட்டதும், உன் அம்மாவோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் இருந்தது.

கருவிகளை நட்ட நாளில் நான் செய்த பிரசங்கம் ஹனூர் சரித்திரத்தில் இடம் பெற வேண்டியது. "இதன் குரல் பாலாறு செக்போஸ்ட்டைத் தாண்டிப் போகும். வனத்துறைக்காரர் லாரியை நிறுத்துவார், பஸ்ஸை நிறுத்துவார், இதை நிறுத்த முடியாமல் சல்யூட் அடித்து விட்டுவிடுவார்" என்றேன். கூட்டம் சிரித்தது. நீ மட்டும் சிரிக்காமல், "அஞ்சு கிலோமீட்டர் போகுங்க. நடுவுல மரம் மறைக்கலேன்னா ஏழு" என்றாய். மாதையன், "அம்மிணி சொல்றது கணக்கு. மாமா சொல்றது கச்சேரி" என்றார். அன்றிலிருந்து ஹனூரில் என் பெயர் கச்சேரி மாமா. பெருமையாகத்தான் இருந்தது.

கருவிகளை நிறுத்த இரும்புக் குழாய் வாங்கி வந்திருந்தேன். வேண்டாம் என்று பிளாஸ்டிக் குழாய் வாங்க வைத்தாய். ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் இரும்பு இருந்தால் பேச்சு வெளியே போகாது என்றாய். கேட்டுக்கொண்டேன். நீ சொன்ன எதைத்தான் நான் கேட்டுக்கொள்ளவில்லை? மண்டையில் ஏற்றிக்கொண்டேனா என்பதுதான் கேள்வி.

புரட்டாசியில் உன் ரத்தத்தில் நோய் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள்கூட நீ லேப்டாப்பை மூடவில்லை. கருவிகளின் நிரலில் ஒரு சின்ன மாற்றம் செய்து, இங்கிருந்தபடியே இன்டர்நெட்டில் ஹனூர் ரிசீவருக்கு அனுப்பி, அங்கிருந்து ரேடியோவில் கருவிகளுக்குப் போகச் செய்தாய். இனி அவை சொன்னது ரிசீவருக்குக் கேட்டதா என்று பதில் கேட்கும். கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்லும் என்றாய். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினாய். "வாரம் ஒரு தடவை ஹனூர் போய்ப் பாருங்க மாமா. பார்த்துட்டு மட்டும் வாங்க. யாரும் எதையும் தொடக் கூடாது. முக்கியமா நீங்க."

"ஹனூர் சமஸ்தானத்துக்கு மகாராணியின் விசேஷ தூதராக இன்று முதல் பொறுப்பேற்கிறேன்" என்று குனிந்து வணங்கினேன்.

அந்த ஆயுத பூஜைக்கு நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். முதல் சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து எந்தத் திரையையும் பார்க்க முடியாத வாரங்கள் அவை. ஒவ்வொரு வருஷமும் உன் சால்டரிங் கம்பிக்கும் மீட்டருக்கும் நீயே பொட்டு வைப்பாய். இந்த வருஷம் யார் வைப்பது? முன்னறையில் இருந்தவற்றுக்கு உன் அம்மா வைத்தாள். காட்டில் இருப்பவற்றுக்கு? அவைதானே உன் ஆயுதங்கள்? அவற்றுக்குப் பூஜை இல்லாமல் போய், அதனால் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

சிரிக்காதே. அந்த வாரம் எனக்கு அப்படித்தான் தோன்றியது.

இரண்டு பை நிறையச் சாமான் வாங்கிக்கொண்டு ஹனூருக்குப் போனேன். பன்னிரண்டு காட்டுக்கும் நடந்தேன். பெட்டிகளைத் துடைத்தேன். சந்தனம், குங்குமம், செவ்வந்தி. எலுமிச்சம்பழம் நசுக்கினேன். கடைசியில், மைசூரில் வாங்கிய வெள்ளி ஜிகினாவை ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் அடியிலிருந்து நுனி வரை, தலைப்பாகை கட்டுவதுபோல, நாலு சுற்று ஐந்து சுற்றுச் சுற்றினேன். வெயிலில் பன்னிரண்டும் மாப்பிள்ளைகள் மாதிரி மின்னின. மாதையன் தன் டிராக்டருக்கும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசிக் காட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் பெட்டிக்கு முன்னால் கை கூப்பினேன். "இந்தப் பேட்டரி தீரக் கூடாது சாமி. அங்கே படுத்திருக்கே, அந்தப் பேட்டரியும் தீரக் கூடாது" என்றேன். என் வேண்டுதலில் கச்சேரியே இல்லை, கண்ணு. நிஜமாக வேண்டினேன்.

உன்னிடம் சொல்லவில்லை. தொடாதே என்று சொல்லியிருந்தாயே; திட்டுவாய் என்று.

மார்கழியில் மாதையன் போன் செய்தார். ஒவ்வொரு கருவியாகப் பேச்சை நிறுத்துகிறது என்றார். நீ ஆஸ்பத்திரியில் இருந்ததால் உனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். தையில் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த மூன்றாம் நாளே ஹனூர் போக வேண்டும் என்றாய். நாம் போவதற்கு முந்தின நாளே நான் முதல் பஸ்ஸில் போய், மழையிலும் வெயிலிலும் கிழிந்து தொங்கிய ஜிகினா முழுவதையும் பிய்த்து எடுத்துவிட்டேன். எதற்கு? காரணத்தை மறைக்க அல்ல. காரணம் எனக்கே தெரியாது. தொட்டது தெரிந்தால் நீ கோபித்துக்கொள்வாயே, அதற்கு. ஐம்பத்தெட்டு வயதில் பலகாரம் திருடித் தின்றவன் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் கம்பளிக் குல்லாயும் முகக்கவசமுமாக நீ வரப்பில் நடந்தாய். இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாய். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மீட்டரை வைத்தாய். பன்னிரண்டும் வற்றிக் கிடந்தன. சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

மாதையன் மென்று முடித்தார். "அஞ்சு வருசம்னீங்க அம்மிணி. ஏழு மாசம் தாங்கலியே."

நீ பெட்டியின் மூடியைத் திருகி மூடினாய். ஒவ்வொரு திருகாணியையும் சரியாக இறுக்கினாய். பிறகு எழுந்து நின்று, "என்ற கணக்குத் தப்புங்க. கடைசியா நான் பண்ணின ஒரு மாத்தத்துனால இப்படி ஆயிருக்கு. உங்க மேல தப்பு இல்ல, காத்து மழை மேலயும் தப்பு இல்ல" என்றாய். உடம்பு சரியில்லாத பெண்ணிடம் என்ன சொல்வது? ஒரு அம்மா உனக்கு இளநீர் சீவிக் கொடுத்தார். குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே காரில் ஏறினாய்.

உனக்கு அதற்குப் பிறகு இரண்டரை மாதம்தான் இருந்தது. நம் யாருக்கும் தெரியாது. அந்த இரண்டரை மாதத்தை நீ எதில் செலவழித்தாய் என்பது எனக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும், ஏனென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டில். மடியில் லேப்டாப். பத்து நிமிடம் பார்ப்பாய், அரை மணி நேரம் கண்ணை மூடுவாய், திரும்பப் பார்ப்பாய். நீ எழுதியதை வரி வரியாகப் படித்து, நீ செய்யாத தப்பைத் தேடிக்கொண்டிருந்தாய்.

ஒரு மத்தியானம் என்னிடம் விளக்கினாய். "ஆயுத பூஜை வாரத்துல இருந்து பன்னெண்டும் ரிசீவருக்குச் சரியாக் கேக்கல மாமா. கேக்கலேன்னதும் அதுங்க சத்தத்தைக் கூட்டிக்கிச்சு. கண்ணு சிமிட்டற நேரத்துல சொல்ல வேண்டியதை மெதுவா இழுத்து இழுத்து, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. தூங்கவே இல்ல. கத்திக் கத்தியே செத்துப்போச்சு."

"ஏன் கேக்கலையாம்?"

"ஆன்டெனாவை யாராவது மூடினா அப்படி ஆகும். பெரிய இரும்பு எல்லாம் வேண்டாம்." படுக்கை மேல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்து, பின்பக்கம் திருப்பிக் காட்டினாய். "இந்த மினுமினுப்பு இருக்கில்ல, இதைச் சுத்தினாக்கூடப் போதும். ஆனா பன்னெண்டையும் ஒரே வாரத்துல யாரு மூடப் போறாங்க? அதே வாரம்தான் நான் அந்த மாத்தத்தை அனுப்பினேன். அப்போ தப்பு என்னுதுதான். எங்க தப்பு பண்ணினேன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் மாமா."

ஜன்னல் வெயிலில் அந்த அட்டை மின்னியது. அதே வெள்ளி. அதே மினுக்கு.

வாயைத் திறந்தேன், மருமகளே. சத்தியமாகத் திறந்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். எப்போதும்போல நான் ஏதோ சொல்லப் போகிறேன், சிரிக்கலாம் என்று உன் முகம் தயாரானது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்திருந்த அந்த முகத்தில் அந்தத் தயார் நிலை ஒன்றுதான் பழைய நீயாக இருந்தது. "யாரு மூடினாங்களா? தேவலோகத்து ரம்பை ஊர்வசி எல்லாம் வந்து ஈரத் துணி காயப் போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன்.

நீ சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்தது. நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் கொஞ்சம் தெளிவாக இருந்தாய். அந்தத் தெளிவைக் கெடுக்க மனம் வரவில்லை. இப்படி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நியாயம் கிடைத்தது. நிஜமான காரணம் சின்னது, கேவலமானது. அந்த அறைக்குள் வந்தவர்களில் உன்னைச் சிரிக்க வைக்கிறவன் நான் ஒருவன்தான். அந்தப் பதவியை விட மனமில்லை. யுகாதிக்கு முந்தின வாரம் நீ போய்விட்டாய். லேப்டாப் திறந்தபடியேதான் இருந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டில் ஒன்றைக் கொண்டு வந்து புதுப் பேட்டரி போட்டு, மொட்டை மாடியில் ஒரு செடித் தொட்டியில் நட்டேன். உன் கடைசி மாற்றத்தில் நான் கை வைக்கவில்லை, வைக்கவும் தெரியாது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை விழிக்கிறது, முன்னறையில் நீ வைத்திருந்த ரிசீவருக்குச் சொல்கிறது, தூங்குகிறது. ஒன்றரை வருஷமாகிறது. உன் மாற்றம் சரி. உன் கணக்கு சரி. ஐந்து வருஷம் என்று நீ சொன்னது நிஜம்.

எதிர்வீட்டுக்காரரின் ஜிகினா கையில் பட்ட பிறகு இனிமேலும் முடியாது என்று தோன்றியது. முந்தாநாள் ஹனூருக்குப் போனேன். சங்கக் கட்டிடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். ஜிகினா சுற்றியது, பிய்த்து எடுத்தது, மாத்திரை அட்டை, மாடியில் ஓடுகிற கருவி, எல்லாம். "அந்தப் பொண்ணு தப்புப் பண்ணலை. நான் பண்ணினேன்" என்றேன்.

மாதையன் மென்று முடிக்க அன்றைக்கு ரொம்ப நேரம் ஆனது.

"பூசை பண்ணினா கெட்டுப் போகுங்களா? அதே ஜிகினாவை அன்னைக்கு என்ற டிராக்டருக்கும் கட்டினேன். இன்னும் ஓடுதே."

"டிராக்டர் ரேடியோவுல பேசறதில்லீங்க."

"மாடில தொட்டியில வெச்சா எதுவும் ஓடும். காட்டுல ஓடணும்."

"நான் பொய் சொல்லலீங்க" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். கச்சேரி மாமா பொய் சொல்லவில்லை என்று சொல்வது அவர்களுக்கு என் கச்சேரிகளிலேயே உசத்தியாகப் பட்டிருக்க வேண்டும். அன்று இளநீர் கொடுத்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, "விடுங்க. போன புள்ள பேரு கெடக் கூடாதுன்னு பழியை உங்க தலைல போட்டுக்கறீங்க. எங்களுக்குப் புரியாதுங்களா?" என்றார். மாதையன் தோளில் கை வைத்தார். "தாய்மாமன்னா இப்படி இருக்கோணும். நீங்க நல்ல மனுசனுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுத்துப் பேசப் பேச இன்னும் நல்லவனாகிக்கொண்டே போனேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.

அறுபது வருஷமாக நான் அவிழ்த்துவிட்ட புளுகு எல்லாம் சேர்ந்து உன் பெயருக்கு முன்னால் சுவராக நிற்கிறது, கண்ணு. மலையைத் தள்ளினேன் என்று சொன்னபோது நம்பாமல் ரசித்தார்கள். இதையும் அப்படியே ரசித்துவிட்டார்கள். ஹனூரில் இன்றைக்கும் நீ கணக்குத் தப்பிய பாவப்பட்ட பெண். நான் அந்தப் பழியை ஏற்க வந்த பெருந்தன்மைக்காரன்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கதவைத் திறந்தாள். "அவ்வளவு தூரம் போனியே, என்னடா சொன்னாங்க?" என்றாள்.

"என்னை நல்ல மனுசன்னு சொன்னாங்க அக்கா."

நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. முந்தாநாள் சிரித்துவிட்டாள். "உன் புளுகுக்கு ஒரு அளவே இல்லையா?" என்று என் தலையில் லேசாகத் தட்டிவிட்டுத் தண்ணீர் எடுத்து வர உள்ளே போனாள்.

செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். ஹனூரில் கொடுத்தனுப்பிய அந்த 'நல்ல மனுசன்' என்ற சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்குச் சேர வேண்டிய நல்ல பெயருக்குப் பதிலாக, ஊர் கூடி என் கையில் வைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.